மருந்துக்கு

இரவு ஒன்றே முக்காலுக்கு
எழுமலையிலிருந்து கொண்டுவந்தார்கள் காசிமாயனை.
"மருந்து குடிச்சிட்டாருய்யா" என்றாள் மனைவி.
முதலாண்டு டாக்டர், போபால்காரப் பையன்,
நாலு மாதத் தமிழ்.
சட்டைப்பையில் சின்ன நோட்டு:
வலி, எங்கே, எப்போதிலிருந்து.
"மருந்து குடிச்சாச்சா, நல்லது" என்றான்.
"எத்தனை வேளை?"

அரை நிமிடம்
அந்த அறையில் தமிழ் நின்றுபோனது.

ஸ்ட்ரெச்சர் தள்ளுகிற ஜெயக்கொடிதான்
குனிந்து வாயருகே மோந்து பார்த்து
"பருத்தி மருந்து சார்" என்றார்.
அதற்குப் பிறகு எல்லோரும் ஓடினார்கள்.

நான் எதிர் ஜன்னலில் இருந்தேன்,
மருந்தகம் என்ற பலகைக்குக் கீழே, பதினேழாம் வருஷம்.
அட்ரோபின் நாற்பது ஆம்பியூல்
ஐந்தைந்தாக எண்ணி வைத்தேன்.
எண்ணும்போது எதையும் நினைப்பதில்லை.
அன்றைக்கு நினைத்தேன்.

கடலைக் கடைந்து தேவர்கள் எடுத்ததும் இதே பெயரில்தான்.
சாவைத் தள்ளிப்போடும் என்று நம்பியிருக்கிறார்கள்.
பழைய அகராதியில் இதற்குச் சோறு என்றொரு பொருள்,
குடிநீர் என்றும் உண்டு.
பிறகு துப்பாக்கி வந்தது.
குழலில் இட்டுக் கிட்டித்த கரித்தூளை
எவனோ ஒரு சிப்பாய், அதன் வாயில் ஊட்டுகிறோமே என்று
சிரித்துக்கொண்டே மருந்து என்றிருப்பான்.
சிரிப்பு போய்விட்டது. பெயர் தங்கிவிட்டது.

அனுப்பானடிச் சுவரில்
சுண்ணாம்புக்கு மேல் சிவப்பில் எழுதியிருக்கும்:
இடுமருந்து எடுக்கப்படும். கீழே ஒரு செல்போன் எண்.
பெண்டாட்டி சோற்றில் வைத்துவிட்டாள் என்று
என் அத்தை மகன் அங்கே போய்
வாந்தியெடுத்துவிட்டு வந்தான்.
உள்ளேயிருந்து முடிச்சுருள் வந்ததாம்.
அவள் வைக்கவில்லை. எனக்குத் தெரியும்.

எலி, மூட்டைப்பூச்சி, கரையான்.
எதைக் கொல்ல வேண்டுமோ அதை முன்னால் போட்டு
மருந்து என்கிறோம்.
விஷம் கொடுங்க என்று கடையில் கேட்க
யாருக்கு வாய் வரும்?

ஏட்டு வாக்குமூலம் எழுதிக்கொண்டிருந்தார்.
"வீட்டுல மருந்துக்குக்கூடக் காசு கெடையாதுய்யா."
"அப்புறம் எப்படி வாங்குனான்?"
"கடைக்காரரு கடனாக் குடுத்தது. பருத்திக்குன்னு."
ஏட்டு தலை நிமிரவில்லை.
பேனா மட்டும் கொஞ்ச நேரம் நின்றது.

மரு என்றால் மணம்.
தழையைக் கிள்ளினால் விரலில் ஒட்டுமே,
அதிலிருந்து வந்த சொல்லோ என்னவோ.
பூக்கடையில் மருக்கொழுந்தைக் கடக்கும்போதெல்லாம்
அப்படித்தான் இருக்கும் என்று தோன்றும்.
காசிமாயன் வாயில் மண்ணெண்ணெயும் அழுகிய பூண்டும்.
ஜெயக்கொடி அகராதி படித்ததில்லை.
மோந்துதான் பார்த்தார்.

விடியும்வரை இரண்டு மருந்தும் ஒரே உடம்பில்.
ஊசிமுனையாய் இருந்த கண்பாவை
மெல்ல மெல்ல விரிந்தது.
பத்து நிமிடத்துக்கொரு தரம் டார்ச் அடித்துப் பார்த்த பையன்
ஆறு மணிக்கு என் ஜன்னலில் சாய்ந்து நோட்டைத் திறந்தான்.
மருந்து என்பதற்கு எதிரே முன்பே எழுதியிருந்ததை
அடிக்கவில்லை.
பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டுக்கொண்டான்.

பதினோராம் நாள் அவள் சீட்டோடு வந்தாள்.
என் தலைக்கு மேலிருந்த பலகையை அண்ணாந்து
எழுத்தெழுத்தாகப் பார்த்தாள்.
"மாத்திரை குடுங்க தாயி."
கொடுத்தேன். சோற்றுக்குப் பிறகு என்றேன்.
சும்மா இருந்திருக்கலாம்,
"பருத்தி எப்படி?" என்று கேட்டுவிட்டேன்.

"புழு விழுந்து கெடக்கு.
போயித்தான் அடிக்கணும்" என்றாள்.

எதை என்று சொல்லவில்லை.
முழுங்கிக்கொண்டாள்.